யோனத்தான் கழற்றிக் கொடுத்த சால்வை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தாவீதும் யோனத்தானும் உயிர் நண்பர்கள் என்றுதான் ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தேன். வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்கும் என் அக்காள் மகன், அவர்கள் காதலர்களாக இருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் எழுதியிருப்பதாகச் சொல்கிறான். எங்கள் சபையில் கேட்டால், அப்படிக் கேட்பதே பாவம் என்கிறார்கள். நூல் என்னதான் சொல்கிறது? (ஒரு வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: கதையை அறியாத வாசகர்களும் இருப்பார்கள் என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். எபிரேய வேதாகமத்தின் சாமுவேல் நூல்களில், சவுல் இஸ்ரவேலின் முதல் அரசன். யோனத்தான் அவனுக்குப் பின் அரியணை ஏறவேண்டிய மகன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாவீது கோலியாத்தை வீழ்த்திவிட்டு அரசன் முன் வந்து நின்றபோது, ‘யோனத்தானுடைய ஆத்துமா தாவீதின் ஆத்துமாவோடே ஒன்றாய் இசைந்திருந்தது’ என்கிறது முதல் நூலின் 18ஆம் அதிகாரம். தாவீதின் புகழைக் கண்டு பொறாமை கொண்ட சவுல் அவனைக் கொல்லத் தேடுகிறான்; யோனத்தான் தகப்பனுக்கு எதிராக நின்று நண்பனை எச்சரித்துத் தப்புவிக்கிறான்; இருவரும் வயல்வெளியில் ஒருவரையொருவர் முத்தமிட்டு அழுது பிரிகிறார்கள். பின்னர் கில்போவா மலையில் பெலிஸ்தரோடு நடந்த போரில் தகப்பனும் மகனும் மடிய, தாவீது ஓர் இரங்கற்பா பாடுகிறான். ‘உன் சிநேகம் ஆச்சரியமாயிருந்தது, ஸ்திரீகளின் சிநேகத்தைப்பார்க்கிலும் அதிகமாயிருந்தது’ என்ற வரி அதில்தான் வருகிறது.

இவர்களுக்கிடையே உடலுறவு இருந்ததாக நூல் எங்கும் சொல்லவில்லை. மறைமுகமாக உணர்த்துகிறது என்போர் காட்டும் இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை அந்த முடிவைத் தாங்கும் அளவுக்கு வலுவானவையாக எனக்குத் தோன்றவில்லை. அதே வேளையில், ‘வெறும் நட்புதான்’ என்று சொல்லி நூலை மூடிவைப்பவர்களும் அதை ஒழுங்காக வாசித்தவர்கள் அல்லர். பட்டத்து இளவரசன் ஒருவன் தன் அரியணையையும், தகப்பனின் அன்பையும், கடைசியில் தன் வம்சத்தின் எதிர்காலத்தையும் இன்னொருவன் கையில் வைத்துவிடுகிறான் என்றால், அதற்கு முன் ‘வெறும்’ என்று எழுதப் பெரிய துணிச்சல் வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாமுவேல் நூல்களை எழுதியவர் பாலுறவைப் பற்றிப் பேசக் கூசுகிறவர் அல்லர். தாவீது உரியாவின் மனைவி பத்சேபாளை அழைப்பித்து அவளோடு சயனித்ததையும், தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைப் பலவந்தப்படுத்தியதையும், இன்னொரு மகன் அப்சலோம் தகப்பனின் மறுமனையாட்டிகளோடு அரண்மனை மாடியில் ஊரறிய உறவு கொண்டதையும் ஒளிவுமறைவின்றி எழுதியவர், யோனத்தான் விஷயத்தில் மட்டும் அப்படி எதையும் எழுதவில்லை. இந்த மௌனத்தை இரு தரப்பினரும் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்வார்கள்: இல்லாததால் எழுதவில்லை என்பார் ஒருவர், தாவீதின் பெயரைக் காப்பாற்ற மறைத்தார் என்பார் மற்றவர். எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில் உரியாவைக் கொல்ல தாவீது எழுதிய கடிதத்தை அந்த உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பியதைக்கூட மறைக்காத ஓர் ஆசிரியர், தாவீதின் பெயரைக் காப்பாற்றுவதில் அவ்வளவு அக்கறை உள்ளவராகத் தெரியவில்லை.

கேள்வி: யோனத்தான் தன் ஆடைகளைக் கழற்றித் தாவீதுக்குக் கொடுத்தான் என்று வாசிக்கிறோம். முத்தமும் வருகிறது. இவற்றை உடல் சார்ந்த நெருக்கமாகக் கொள்ளாமல் வேறு எப்படிக் கொள்வது? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஆடையிலிருந்து தொடங்குவோம். யோனத்தான் போர்த்திருந்த சால்வையையும், வஸ்திரத்தையும், பட்டயத்தையும், வில்லையும், கச்சையையும் கொடுத்தான் என்று வரிசையாகச் சொல்கிறது நூல். பட்டயமும் வில்லும் அந்த வரிசையில் இருப்பதே இது என்ன வகைக் காட்சி என்பதைக் காட்டிவிடுகிறது. சாமுவேல் நூலில் சால்வை வரும் மற்ற இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 15ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி சாமுவேலின் சால்வைத் தொங்கலை சவுல் பிடித்து இழுக்க, அது கிழிகிறது. கர்த்தர் ராஜ்யத்தை உன்னிடத்திலிருந்து இப்படித்தான் கிழித்துப்போட்டார் என்கிறார் சாமுவேல். 24ஆம் அதிகாரத்தில் ஒரு குகைக்குள் சவுலின் சால்வைத் தொங்கலைத் தாவீது அறுத்துக்கொள்கிறான். உடனே அவன் மனமே அவனை வாதிக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், எவரும் கிழிக்காமலும் அறுக்காமலும், இளவரசன் தானாகவே தன் சால்வையைக் கழற்றிக் கொடுக்கிறான். அரசுரிமை கைமாறுவதை ஆசிரியர் ஆடையின் வழியாகக் காட்டுகிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. (நம் ஊர் மேடைகளில் போர்த்தப்படும் பொன்னாடையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அதைப் போர்த்துகிறவர் எதையும் இழப்பதில்லை.) இதற்கு முந்தைய அதிகாரத்தில் சவுல் தன் போர்க்கவசத்தை அணிவித்தபோது, பழக்கமில்லை என்று சொல்லித் தாவீது அதைக் கழற்றிப் போட்டதும், அவனே இப்போது மகனின் ஆயுதங்களை மறுக்காமல் வாங்கிக்கொள்வதும் தற்செயலாக இருக்க முடியாது.

முத்தத்தை எடுத்துக்கொண்டால், அந்த உலகில் ஆண்கள் முத்தமிட்டுக்கொள்வது வழக்கம். பல ஆண்டுப் பகைக்குப் பின் ஏசா யாக்கோபின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான். சவுலை அரசனாக அபிஷேகம் பண்ணிய சாமுவேல் அவனை முத்தமிடுகிறார். மக்களின் மனத்தைக் கவர நினைத்த அப்சலோம் தன்னை வணங்க வந்தவர்களையெல்லாம் முத்தமிடுகிறான். தாவீதின் தளபதி யோவாபோ, முத்தமிடுவதுபோல் அமாசாவின் தாடியைப் பிடித்துக்கொண்டே அவன் வயிற்றில் பட்டயத்தைச் செலுத்துகிறான். ஆத்துமாவோடு ஆத்துமா இணைந்திருப்பதும் அப்படித்தான். ஆதியாகமம் 44இல் யாக்கோபின் உயிர் அவருடைய கடைக்குட்டி பென்யமீனின் உயிரோடு பிணைந்திருப்பதாக யூதா சொல்லுமிடத்தில், எபிரேய மூலத்தில் இதே வினைதான் வருகிறது. கிழத்தகப்பனுக்கும் மகனுக்கும் பொருந்திய ஒரு சொல், காதலை மட்டும் குறிக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஆனால் இப்படித் தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுகிறவர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஏசா முத்தமிட்டான், சாமுவேல் முத்தமிட்டார். ஆனால் முத்தம், கண்ணீர், உடன்படிக்கை, ஆணை, ஆடை, ஆயுதம், இரங்கற்பா ஆகிய எல்லாம் ஒரே இருவரைச் சுற்றிக் குவிந்திருப்பதை எபிரேய வேதாகமத்தில் வேறெங்கும் நான் கண்டதில்லை. ஆய்வாளர் சிலரை வேறு திசையில் யோசிக்க வைத்ததும் இந்தக் குவியல்தான். அவர்களை வம்புக்கு எழுதுகிறவர்கள் என்று தள்ளுவது நியாயமில்லை.

கேள்வி: அந்த இரங்கற்பாவின் வரியை என்ன செய்வது? பெண்களின் அன்பைவிடப் பெரிது என்றால், பெண்களின் அன்போடு ஒப்பிடத்தக்கது என்றுதானே பொருள்? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: காதல் என்று வாசிப்பவர்களின் கையில் இருக்கும் ஆகச் சிறந்த சான்று இது ஒன்றுதான். தகப்பன் அன்பைவிட என்றோ, உடன்பிறந்தான் அன்பைவிட என்றோ தாவீது பாடியிருக்கலாம், அப்படிப் பாடவில்லை. இதற்குத் தாயன்பு என்று பொருள் கொண்டு தப்பித்துக்கொள்வோரும் உண்டு. பாடலில் அதற்கு ஆதாரம் இல்லை.

நான் அந்த வரியை அதற்கு முன் நடந்த கதையோடு சேர்த்து வாசிக்கிறேன். தாவீதை நேசித்த பெண் ஒருத்தியை நூல் பெயர் சொல்லியே காட்டுகிறது: யோனத்தானின் தங்கை மீகாள். எபிரேய வேதாகமத்தின் கதைப் பகுதிகளில் ஒரு பெண் ஓர் ஆணை நேசித்தாள் என்று சொல்லப்படும் ஒரே இடம் அவளுடையது. தகப்பன் அனுப்பிய ஆட்கள் வாசலில் நிற்க, அவள் கணவனை ஜன்னல் வழியாக இறக்கித் தப்புவித்துவிட்டு, கட்டிலில் ஒரு சுரூபத்தைப் படுக்கவைத்து, தலைமாட்டில் வெள்ளாட்டு மயிரை வைத்து மூடுகிறாள். அண்ணனும் தங்கையும் ஒரே மனிதனுக்காக ஒரே தகப்பனை ஏமாற்றினார்கள். அண்ணன் அதற்கு மேலாக அரியணையையும் விட்டுக்கொடுத்தான். இந்தப் பின்னணியில் ‘ஸ்திரீகளின் சிநேகம்’ என்பது தாவீது அனுபவித்து அறிந்த ஓர் அன்பு. யோனத்தான் அதையும் மிஞ்சிவிட்டான் என்பது ஒரு கணக்குத் தீர்ப்புப் போல வருகிறது. இப்படி வாசித்தால் அந்த வரி உடலைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமில்லை. பேசவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

அந்தப் பாடலை யூதா மக்களுக்குக் கற்றுக்கொடுக்கும்படி தாவீது கட்டளையிட்டான் என்ற குறிப்பும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. ஊரெல்லாம் மனப்பாடம் செய்து பாடவேண்டிய அரசாங்க இரங்கற்பா அது. மேலும், சவுலும் யோனத்தானும் போரில் சாகும் நேரத்தில் தாவீது எதிரியான பெலிஸ்தரின் நிலத்தில், சிக்லாகில், அவர்கள் தயவில் வாழ்ந்துகொண்டிருந்தவன். ‘அரச குடும்பத்தின் சாவில் உன் பங்கு என்ன’ என்று எவரும் கேட்டுவிடக்கூடிய நிலையில் இருந்தவன் பாடிய பாட்டு என்பதை மறந்துவிட்டு அதை வாசிக்கக்கூடாது. கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கண்ணீர் அவனுக்குப் பயன்படவும் செய்தது.

கேள்வி: ‘நேசித்தான்’ என்பது அக்கால அரசியல் ஒப்பந்தங்களில் விசுவாசத்தைக் குறித்த சொல் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியானால் அங்கே அன்பே இல்லையா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: நீங்கள் படித்த கருத்துக்கு வில்லியம் மோரன் என்ற அறிஞர் 1963இல் எழுதிய ஒரு கட்டுரை அடிப்படை. பண்டைய அண்மைக் கிழக்கின் உடன்படிக்கைகளில் சிற்றரசன் பேரரசனை ‘நேசிக்க’ வேண்டும் என்று எழுதியிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். கி.மு. 672இல் அசீரியப் பேரரசன் எசர்ஹதோன், தனக்குப் பின் மகன் அஷூர்பனிபால் ஆள வேண்டும் என்பதற்காகத் தன் கீழிருந்தவர்களிடம் ஆணை வாங்கியபோது, அவனை உங்களையே நேசிப்பதுபோல் நேசியுங்கள் என்று எழுதி வாங்கினான். அந்தக் களிமண் பலகைகள் 1955இல் நிம்ரூதில் கிடைத்தன. யோனத்தான் தாவீதைத் ‘தன் ஆத்துமாவைப்போலச்’ சிநேகித்தான் என்ற வாசகத்தோடு அது ஒத்துப்போவதை எவரும் காணலாம். வேதாகமத்துக்குள்ளேயும் சான்று உண்டு: தீரு நாட்டு அரசன் ஈராம் தாவீதை எந்நாளும் நேசித்தவன் என்கிறது இராஜாக்கள் நூல், அவன் தாவீதுக்குக் கேதுரு மரம் அனுப்பிவைத்த நட்பு நாட்டு அரசன்.

18ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோட்டத்தில் வாசித்தால் புதிய விஷயங்கள் தெரியவரும். யோனத்தான் தாவீதை நேசிக்கிறான், மீகாள் நேசிக்கிறாள், ‘இஸ்ரவேலரும் யூதா ஜனங்களுமாகிய யாவரும்’ நேசிக்கிறார்கள். அதற்கு முன் சவுலும் அவனை நேசித்ததாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நாட்டின் மனம் முழுவதும் சவுலைவிட்டுத் தாவீதின் பக்கம் சாய்வதை இந்த ஒரே சொல்லால் ஆசிரியர் சொல்லிக்கொண்டே போகிறார்.

ஆனால் அரசியல் என்பதாலேயே உணர்ச்சி இல்லை என்றாகிவிடாது. மீகாளின் நேசத்தை அரசியல் விசுவாசம் என்று பொதுவாக எவரும் சொல்வதில்லையே! ஒரே அதிகாரத்தில் தங்கையின் நேசம் காதலாகவும் அண்ணனின் நேசம் ஒப்பந்தமாகவும் இருக்க வேண்டும் என்று நாமாக வகுத்துக்கொண்டால், நூலைவிட நம் கூச்சமே அதில் அதிகம் வெளிப்படுகிறது. கட்சி விசுவாசம், குடும்பப் பாசம், உடல் நாட்டம் எனத் தனித்தனிக் கட்டங்கள் போட்டு வாழ்வது பிற்காலப் பழக்கம். ஒருவரின் பால்நாட்டத்தையே அவருடைய அடையாளமாகக் கொள்ளும் எண்ணமும் புதியதுதான். ‘ஹோமோசெக்ஷுவல்’ என்ற சொல் ஜெர்மன் மொழியில் முதன்முதலாக அச்சில் வந்தது 1869இல். தாவீதிடம் போய் நீ எந்தக் கட்டத்தில் இருக்கிறாய் என்று கேட்டால் அவனுக்குக் கேள்வியே விளங்கியிருக்காது.

கேள்வி: தாவீது யோனத்தானைத் திருப்பி நேசித்தானா? (ஒரு மாணவி, சென்னை)

பதில்: நல்ல கேள்வி, பலர் கேட்பதில்லை. யோனத்தான் தாவீதை நேசித்தான் என்று கதைசொல்லி திரும்பத் திரும்பச் சொல்கிறார். தாவீது யோனத்தானை நேசித்தான் என்று அதே தெளிவோடு ஓரிடத்திலும் சொல்லவில்லை. பிரிவின்போது தாவீதே அதிகமாய் அழுதான் என்கிறார், அவ்வளவுதான். இரங்கற்பாவிலும் ‘உன் சிநேகம்’ என்று தாவீது பாடுவது அவன் பெற்ற அன்பைத்தான். மீகாள் விஷயத்திலும் இதே நிலைதான். எல்லோராலும் நேசிக்கப்படுகிற, தன் மனத்தை எவருக்கும் முழுதாகத் திறந்து காட்டாத மனிதனாகவே இளம் தாவீதை ஆசிரியர் வரைந்திருக்கிறார்.

கேள்வி: சவுல் தன் மகனைத் திட்டும்போது ‘உன் தாயின் மானத்துக்கு வெட்கமாக’ என்று ஆபாசமாகப் பேசுகிறான். தகாத உறவை அவன் கண்டுபிடித்துவிட்டான் என்பதற்கு இது சான்று அல்லவா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அவ்வசனத்தின் மூலத்தில் தாயின் நிர்வாணத்தைக் குறிக்கும் சொல் வருவதும், அது பாலுறவுச் சட்டங்களில் பயிலும் சொல் என்பதும் உண்மை. ஆனால் அடுத்த வசனத்தைப் படிக்காமல் நிறுத்திவிடக்கூடாது. ஈசாயின் மகன் (அதாவது தாவீது) உயிரோடிருக்கும் வரை நீயும் நிலைக்கமாட்டாய், உன் ராஜ்யபாரமும் நிலைக்காது என்று சவுல் காரணத்தையே சொல்லிவிடுகிறான். அவனுக்குக் கொதிப்பு அரியணை போகிறதே என்பதில்தான். மகனைத் திட்ட வாயெடுத்த தகப்பன் தாயை இழுப்பது மூவாயிரம் ஆண்டுகளில் மாறாத வழக்கம் போலிருக்கிறது.

கேள்வி: இவர்கள் உண்மையிலேயே வாழ்ந்தவர்களா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: இஸ்ரேலின் வடகோடியிலுள்ள தெல் தானில் 1993இல் கிடைத்த ஓர் அரமேயக் கல்வெட்டுத் துண்டில் ‘தாவீதின் வீடு’ என்று அரச மரபைக் குறிக்கும் சொல் இருக்கிறது. அதைக் கி.மு. 9ஆம் நூற்றாண்டினதாகக் கணிக்கிறார்கள். யோனத்தானுக்கு அப்படிப்பட்ட வெளிச்சான்று எதுவும் இல்லை. இன்னொரு செய்தியும் உண்டு: சால்வையைக் கழற்றிக் கொடுக்கும் அந்தப் பகுதி எபிரேயப் படியில் இருக்கிறது, ஆனால் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் வத்திக்கான் கிரேக்கப் படியில் இல்லை. கதை வெவ்வேறு வடிவங்களில் வழங்கியிருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது.

கேள்வி: பழைய காலத்தில் இதை எப்படி வாசித்தார்கள்? இந்தச் சந்தேகம் எப்போது கிளம்பியது? (ஓர் ஆசிரியர், யாழ்ப்பாணம்)

பதில்: ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட, யூதச் சட்ட மரபுத் தொகுப்பான மிஷ்னாவில், பிதாக்களின் நீதிமொழிகள் எனப்படும் பகுதியில் ஒரு கூற்று இருக்கிறது. ஏதோ ஒன்றைச் சார்ந்து நிற்கும் அன்பு, அது போனதும் தானும் போய்விடும். எதையும் சாராத அன்பு ஒருநாளும் போகாது. முன்னதற்கு எடுத்துக்காட்டு அம்னோன், தாமார். பின்னதற்கு தாவீது, யோனத்தான். இரண்டு எடுத்துக்காட்டுகளும் ஒரே சாமுவேல் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. அம்னோன் தாமாரைப் பலவந்தப்படுத்திய பிறகு, முன்பு கொண்ட ஆசையைவிட அதிகமாக அவளை வெறுத்தான். உடலாசைக்கு எதிர்முனையில் யோனத்தானை நிறுத்தியதன் மூலம் அந்த ரபீமார் (யூத மத அறிஞர்கள்) தங்கள் வாசிப்பைத் தெளிவாக்கிவிட்டார்கள்.

12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ரீவோ மடத்தின் தலைவராயிருந்த ஏல்ரெட், துறவிகளுக்குள் ஆழ்ந்த நட்பு இருக்கலாம், அது கடவுளிடம் இட்டுச்செல்லும் என்று எழுதியபோது யோனத்தானையே பெரிய முன்மாதிரியாகக் காட்டினார். அடுத்து வந்தது சுவையான ஓரிடம். 14ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசன் இரண்டாம் எட்வர்ட், பியர்ஸ் கேவ்ஸ்டன் என்பவன்மீது வைத்த மிதமிஞ்சிய பற்றைப் பற்றி எழுதிய ஒரு வரலாற்றாசிரியர், யோனத்தான் தாவீதை நேசித்தான், அக்கிலீஸ் பேட்ரோக்ளசை (இருவரும் கிரேக்கக் காவிய வீரர்கள்) நேசித்தான், ஆனால் அவர்கள் அளவு மீறியதாக நாம் வாசித்ததில்லை என்கிறார். ஒப்பிட்டுக்கொண்டே விலக்கவும் செய்கிறார். அப்படி ஒரு கேள்வி மனத்தில் எழாதவர் இவ்வளவு முன்னெச்சரிக்கையோடு எழுதியிருக்கமாட்டார்.

கேள்வி வெளிப்படையாக அவைக்கு வந்தது 1895இல், ஆண்களோடு உறவு கொண்டதாக எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் மீது லண்டனில் நடந்த வழக்கில். ‘தன் பெயரைச் சொல்லத் துணியாத காதல்’ என்ற கவிதை வரிக்குப் பொருள் என்ன என்று கேட்கப்பட்டபோது, தாவீதுக்கும் யோனத்தானுக்கும் இடையே இருந்தது போன்ற பேரன்பு என்று கூண்டில் நின்று அவர் பதில் சொன்னார். பிறகு இரண்டாண்டுக் கடுங்காவல் தண்டனையும் பெற்றார். 1993இல் இஸ்ரேல் நாடாளுமன்ற உறுப்பினர் யாயேல் தயான், தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் பேசும்போது அந்த இரங்கற்பா வரியை எடுத்துச் சொல்ல, சமயக் கட்சியினர் கொதித்தெழுந்தார்கள்.

கிரேக்கர்களுக்கும் இதே அனுபவம் உண்டு. இலியட் காவியம் அக்கிலீசுக்கும் பேட்ரோக்ளசுக்கும் உடலுறவு இருந்ததாகச் சொல்லவில்லை. ஆனால் சில நூற்றாண்டுகள் கழித்து ஏதென்ஸில் ஈஸ்கிலஸ் தம் நாடகத்தில் அவர்களைக் காதலர்களாக்கினார். பிளேட்டோவின் ‘விருந்து’ என்ற உரையாடல் நூலில் ஒருவர், அவர்களில் காதலித்தவர் யார், காதலிக்கப்பட்டவர் யார் என்பதில் ஈஸ்கிலஸ் தவறிவிட்டார் என்று வழக்காடுகிறார்; காதல் இருந்ததா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. ஏதென்ஸ்காரர்கள் தங்கள் ஊர் வழக்கத்தைக் காவியத்தில் கண்டார்கள்; மடத்துத் துறவி தம் மடத்தைச் சாமுவேல் நூலில் கண்டார்.

கேள்வி: என் மகன் தனக்குத் தன்பாலீர்ப்பு உண்டு என்று எங்களிடம் சொல்லிவிட்டான். சபைப் போதகர் லேவியராகமத்தைக் காட்டுகிறார். மகன் தாவீதையும் யோனத்தானையும் காட்டுகிறான். நான் எதை நம்புவது? (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாய்)

பதில்: அம்மா, போதகர் காட்டுவது லேவியராகமம் 18, 20ஆம் அதிகாரங்களாக இருக்கும். ஆணோடு ஆண் உறவு கொள்வதை அவை தடை செய்வது உண்மை. 20ஆம் அதிகாரம் அதற்கு மரண தண்டனையும் விதிக்கிறது. அதே அதிகாரம் தகப்பனையோ தாயையோ சபிக்கிறவனுக்கும் விபசாரம் செய்கிறவர்களுக்கும் மரண தண்டனை விதிக்கிறது. அந்தத் தண்டனைகளை இன்று பெரும்பாலான சபைகள் நிறைவேற்றக் கேட்பதில்லை. பழைய சட்டத்தில் எது இன்றைக்கும் கட்டுப்படுத்தும், எது கட்டுப்படுத்தாது என்பது சபைகளுக்குள் நடக்கும் பெரிய வழக்கு. தாவீதின் கதையைக் கொண்டு அதைத் தீர்க்க முடியாது. சாமுவேல் நூலும் இந்த நட்பைப் பேசுமிடத்தில் அந்தச் சட்டத்தை நினைவுகூரவில்லை. மீறியதாகவும் சொல்லவில்லை, மீறவில்லை என்றும் சொல்லவில்லை.

உங்கள் மகனிடம் நான் சொல்லக்கூடியது, அவர் வாழ்வுக்குத் தாவீதின் சான்றிதழ் தேவையில்லை என்பதுதான். நாட்டின் சட்டமும் அதைக் கேட்பதில்லை. வயது வந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது. எனினும் அவர் அந்தக் கதையில் தமக்கு ஓர் இடம் இருப்பதாக உணர்ந்தால் அதைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். ஆணுக்கு ஆண் கொண்ட பேரன்பை வெட்கமில்லாமல் பாடும் பக்கங்கள் வேதத்தில் உண்டு என்று அவர் கண்டது பிழையில்லை. நீங்கள் முதலாம் சாமுவேல் 20ஆம் அதிகாரத்தை முழுமையாக வாசித்துப் பாருங்கள். 33ஆம் வசனத்தில், யோனத்தான் தாவீதுக்காகப் பேசியதைப் பொறுக்காமல் சவுல் தன் சொந்த மகன்மேல் ஈட்டியை எறிகிறான். நான் பார்த்தவரை, அந்த அதிகாரத்தில் ஆசிரியர் குற்றம் காணும் இடம் அது ஒன்றுதான்.

கேள்வி: யோனத்தான் இறந்த பிறகு தாவீது அந்த உடன்படிக்கையைக் காப்பாற்றினானா? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: காப்பாற்றினான், தன் பாணியில். தான் இறந்த பின்னும் தன் வீட்டாருக்குத் தயவு செய்ய வேண்டும் என்று யோனத்தான் ஆணை வாங்கியிருந்தான். அவன் மகன் மேவிபோசேத், கில்போவாச் செய்தி வந்தபோது ஐந்து வயதுக் குழந்தை; தாதி தூக்கிக்கொண்டு ஓடுகையில் விழுந்து இரு கால்களும் முடமானவன். தாவீது அரசனான பின் அவனை லோதேபாரிலிருந்து வரவழைத்து, சவுலின் நிலங்களைத் திருப்பிக் கொடுத்து, நாள்தோறும் தன் பந்தியில் அமர்ந்து உண்ணச் செய்தான். அரியணைக்கு உரிமை கோரக்கூடிய ஒருவனைக் கண்ணெதிரிலேயே வைத்துக்கொள்ள அது வசதியான ஏற்பாடும்கூட என்று சொல்லும் அறிஞர்களோடு எனக்குப் பகையில்லை. ஏனெனில் அப்சலோமின் கலகத்தின்போது, மேவிபோசேத் அரியணைக்கு ஆசைப்படுகிறான் என்று வேலைக்காரன் சீபா கோள் சொன்னதும், விசாரிக்காமலே அவன் சொத்து முழுவதையும் சீபாவுக்கு எழுதிக் கொடுத்தவன் இதே தாவீது. மேவிபோசேத் வந்து உண்மையைச் சொன்ன பிறகும், நிலத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று பாதித் தீர்ப்புத்தான் கிடைத்தது. ஆனால் இரண்டாம் சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில், சவுல் செய்த படுகொலைக்கு ஈடாக அவன் வம்சத்தார் ஏழுபேரைக் கிபியோனியர் கேட்டபோது, தாவீது மற்றவர்களை ஒப்புக்கொடுத்தான்; மேவிபோசேத்தை மட்டும் கொடுக்கவில்லை. யோனத்தானோடு கர்த்தரின் பெயரால் இட்ட ஆணையின் நிமித்தம் அவனைத் தப்பவிட்டான் என்று காரணத்தையும் நூலே எழுதிவைத்திருக்கிறது.